மச்சானிடம் போன தோட்டாப் பெட்டி

என்னிடம் ஒரு ரிவால்வர் இருப்பது எங்கள் கோயில் பங்கில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் அது ஒன்றுதான் கதையாக இருக்கும். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கி வைச்சிருக்கிறார்" என்பார்கள். அதில் பிழையும் இல்லை. மன்னாரில் துவக்கு வைத்திருந்தவன் நில் என்றால் நின்றோம், போ என்றால் போனோம். அந்தச் சாமானை ஒருமுறை என் கையில் பிடிக்க வேண்டும், எப்போது சுடுவது எப்போது கீழே வைப்பது என்று நானே தீர்மானிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. இதை விளக்கப் போனால் விசர் என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதுவும் சின்ன ரிவால்வர் இல்லை. பெரிய உடம்பு, பெரிய துளை, தூக்கினால் மணிக்கட்டை இழுக்கிற பாரம். அதே அளவில் ஒன்று என் மனைவியின் தம்பியிடமும் இருக்கிறது. கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் தடை வருவதற்கு முன்பே இரண்டு பேரும் வாங்கிவிட்டோம். லைசன்ஸ், கிளப் உறுப்புரிமை, கொண்டுபோகிற அனுமதி, பூட்டுக்கு மேல் பூட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடையில் இந்த அளவுத் தோட்டா யானை விலை. ஆகவே சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில், வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நானே திரும்ப அடைப்பேன். கோதைக் கழுவி, அச்சில் அழுத்தி, அடியில் தீப்பொறி கொடுக்கிற சின்ன மூடியைப் பொருத்தி, உள்ளே வெடிமருந்தை அளந்து விட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து இறுக்க வேண்டும். காசு மிச்சம் என்று வெளியில் சொல்வேன். உண்மையில் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மச்சானுக்கும் நான்தான் அடைத்துக் கொடுப்பேன். அவனுக்கு டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் சமையல் வேலை. சனிக்கிழமைகளில் கிளப்புக்குச் சுடப் போவான். "எப்பிடியடா போகுது?" என்று கேட்டால், "சோக்காப் போகுது அத்தான், கை வலியே இல்லை" என்பான். அதைக் கேட்கத்தான் நான் பெட்டி பெட்டியாக அடைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வேலையில் எல்லோரையும் நடுங்க வைக்கிற பிழை ஒன்று உண்டு. கோது பெரியது. நான் போடுகிற மருந்து அதில் பாதிக்குக்கூட வராது. ஒரே கோதில் தவறுதலாக இரண்டு தரம் மருந்து விழுந்தாலும் வழிந்து காட்டாது. மேலே குண்டை வைத்து இறுக்கிவிட்டால் நல்லதும் கெட்டதும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். சுடும்போதுதான் தெரியும். ரிவால்வரின் உருளை வெடித்து இரும்பு பறந்தால், பிடித்த விரல்களும் பார்த்த கண்ணும் போய்விடும். அதனால் மரப் பலகையில் நிற்கிற எல்லாக் கோதுக்கும் மருந்து விட்டபின், டோர்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் மட்டம் பார்ப்பேன். பார்க்காமல் குண்டு வைப்பதில்லை.

போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பலகையில் பாதிக் கோதுகளுக்கு மருந்து விட்டிருந்தேன். அன்று எங்கள் வீட்டுக்கு மாதா வருகிற நாள். எங்கள் பங்கில் மாதாவின் சிலை, நாங்கள் சுருவம் என்போம், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை வைத்துச் செபமாலை சொல்லி, அடுத்த வீட்டுக்குப் பாட்டுப் பாடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரவு ஏழு மணிக்குத்தான் வருவதாக இருந்தது. பெரிய ஸ்னோ வரப்போகிறது என்று அவர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

மனைவி படியில் நின்று கத்தினாள். "இஞ்சாருங்கோ! மாதா பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டிலை இருந்து வெளிக்கிட்டிட்டாவாம்! ஃபாதரும் வாறாராம்! உந்தச் சாமானெல்லாத்தையும் மூடிப்போட்டுக் கெதியா மேலை வாங்கோ!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சப்பாத்து வைக்க, கோட்டு வைக்க என்று ஆட்கள் பேஸ்மென்டுக்கும் இறங்குவார்கள். பலகையை ஒரு துவாயால் மூடி மேல் தட்டில் தூக்கி வைத்தேன். எந்தக் கோதில் நிறுத்தினேன் என்று பார்க்கவில்லை. மேலே ஓடினால், சுருவத்துக்கு மின்குமிழ் மாலை போடச் செருகுமிடம் தேட வேண்டுமாம், சோபாவுக்குப் பின்னால் இருட்டு. மேசையிலிருந்த டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தேன்.

செபமாலை முடிந்தது, ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்தது, சனம் போய்விட்டது. செபத்துக்கு வந்திருந்த மச்சான் மட்டும் அக்காவோடு கதைத்துக்கொண்டு இருந்தான். விடிய அவன் சுடப் போகிறான், பெட்டி தருவதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவறக் கூடாதே! கீழே இறங்கி, துவாயை எடுத்து, மிச்சக் கோதுகளுக்கு மருந்து விட்டு, குண்டு வைத்து இறுக்கி, பெட்டிக்கு டேப் ஒட்டிக் கையில் கொடுத்தேன். "மெர்சி அத்தான்" என்று வாங்கிக்கொண்டு போனான்.

சனி காலை மாதாவின் மின்குமிழ்கள் அணைந்து கிடந்தன. "பிளக் கழண்டிட்டுதோ தெரியேல்லை, ஒருக்காப் பாருங்கோ" என்றாள் மனைவி. சோபாவை இழுத்தேன். பின்னால் டோர்ச் கிடந்தது.

அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். டோர்ச் இரவு முழுக்க இங்கே கிடந்திருக்கிறது. அப்படியானால் நான் எதைக் கொண்டு மட்டம் பார்த்தேன்? பார்க்கவே இல்லை. எந்தக் கோதிலிருந்து திரும்பத் தொடங்கினேன்? அதுவும் நினைவில்லை.

மச்சானுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். சுடுகிறவன் காதை மூடிக்கொண்டு நிற்பான், ஃபோன் ஜாக்கெட்டுக்குள் கிடக்கும். கிளப்புக்கு அடித்தால் மெஷின் பிரெஞ்சில் கதைத்தது. சப்பாத்தை மாட்டினேன்.

"எங்கை போறியள், முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"டெப்பனேர்க் கடைக்கு. பால் வாங்க" என்றேன்.

"பால் இருக்கே!"

நான் நிற்கவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது? தாய் செல் விழுந்து வெடித்துச் செத்தபோது அவன் நடக்கவும் தெரியாத குழந்தை. இடுப்பில் தூக்கித் தூக்கி வளர்த்தவள் இவள்தான். ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுத்ததும் இவள்தான். அவனுக்கு இப்போது கார்தெரி என்கிற பிள்ளைக் காப்பகத்துக்குப் போகிற ஒரு மகள் இருக்கிறாள். கத்தி பிடித்துச் சம்பாதிக்கிற கை அவனுடையது. அந்தக் கையில் என் தோட்டா வெடித்தால், நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் திரும்பி வருவேன்?

வடக்கே போகிற நெடுஞ்சாலையில் ஸ்னோ வழிக்கிற வண்டி ஒன்று முன்னால் ஆமை வேகத்தில் போனது. முந்த முடியாது. ஹோர்ன் அடித்தேன், திட்டினேன், ஸ்டியரிங்கில் குத்தினேன். "மாதாவே, அவனைக் காப்பாத்தும்" என்றேன். அடுத்த நிமிடமே, "சொன்ன நேரத்துக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று மாதாவோடும் சண்டை பிடித்தேன். பிறகு பயந்துபோய் அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்படியே அழுதும் திட்டியும் போய்ச் சேர்ந்தேன்.

கிளப் வாசலில் காரை விட்டு இறங்கியதும் சத்தம் கேட்டது. சின்னத் துவக்குகளின் படபடப்புக்கு நடுவே, நெஞ்சில் இடிக்கிற ஒரு பெரிய சத்தம். எங்கள் அளவுதான். அவன்தான். சுடுகிறான் என்றால் கை இருக்கிறது. இன்னொன்று இடித்தது. கை இன்னும் இருக்கிறது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தோட்டா மாற்றுகிறானா, விழுந்துவிட்டானா? நான் ஓடினேன். காதுமூடி இல்லாமல் உள்ளே புகுந்த என்னைப் பார்த்து அங்கே பொறுப்பாக நின்றவர் பிரெஞ்சில் கத்தினார். கத்தட்டும்.

"டேய்! நிப்பாட்டு! சுடாதை!"

மச்சான் ரிவால்வரைத் திறந்து, வெறுமையாக்கி, மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினான். பத்து விரலும் இருந்தது. "என்ன அத்தான்? அக்காவுக்கு ஏதும் வருத்தமே?" என்றான்.

எனக்கு மூச்சு வாங்கியது. மேசையைப் பார்த்தேன். கடையில் விற்கிற புதுத் தோட்டாப் பெட்டி திறந்து கிடந்தது.

"என்ரை பெட்டி எங்கை?"

அவன் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தான். என் பெட்டி ஒட்டிய டேப்போடு அப்படியே கிடந்தது.

"அப்ப உது?"

"கடையிலை வாங்கினது அத்தான்."

"எப்ப தொடக்கம்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "முதல்லை இருந்தே கடைத் தோட்டாதான். நீங்கள் தந்தது எல்லாம் வீட்டிலை பூட்டி வைச்சிருக்கிறன்."

முழங்காலில் விழுந்து நன்றி சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. எனக்கோ இரத்தம் தலைக்கு ஏறியது. "சோக்காப் போகுது எண்டு சொன்னனியேடா! கை வலியே இல்லை எண்டனி!"

"அத்தான் ஆசையாத் தாறதை வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். வந்த காரணத்தையே மறந்துவிட்டேன். என் தோட்டாவில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கே காட்டுகிறேன், வா என்றேன். அவன் தன் ரிவால்வரை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டியோடு எங்கள் பேஸ்மென்டுக்கு வந்தான்.

அடைத்த தோட்டாவைப் பிரிக்க பிளாஸ்டிக் சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் உள்ளே கழன்று விழும். ஒவ்வொன்றாக அடித்து, மருந்தைத் தராசில் கொட்டி அவனுக்குக் காட்டினேன். சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. "பாத்தியே? பாத்தியே?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். அவன் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஒரு வரிசை முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. எனக்குத் தெம்பு ஏறியது. மூன்றாவது வரிசையில் ஒன்றை அடித்துக் கொட்டினேன். மருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. தராசு சரியாக இரண்டு மடங்கு காட்டியது.

மச்சான் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தான். "அக்காட்டைச் சொல்லாதேங்கோ அத்தான்" என்றான் மெதுவாக. அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது. "இஞ்சேர், கீழை வா!" என்று கத்தி மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து படியடியில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். டோர்ச் கிடந்த இடத்தைச் சொன்னேன். பால் வாங்கப் போகவில்லை என்றும் சொன்னேன். "இது உன்ரை தம்பியின்ரை கையிலை வெடிச்சிருக்கும். அவன் என்னை நம்பாதபடியாத்தான் தப்பினான்" என்றேன்.

அவள் தராசைப் பார்த்தாள். "நான்தான் அவனிட்டை உங்கடை தோட்டாவைச் சுடாதை எண்டனான். நீங்கள் முதல் பெட்டி குடுத்த அண்டைக்கே சொல்லிப்போட்டன்" என்றாள்.

"அப்ப நான்? நான் உதைத்தானே ஒவ்வொரு கிழமையும் சுடுறனான்? எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னாக் கேப்பியளே? ஒருக்காச் சொன்னதுக்கு வீடு இடிய இடியக் கத்தினியள். பேந்து நான் வாய் திறக்கேல்லை." அவள் கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் சுடப் போனா எனக்கு இஞ்சை ஒரு வேலை ஓடாது. முன் ஜன்னலிலைதான் நிப்பன். கார் வந்து, நீங்கள் இறங்கி, ரெண்டு கையையும் கண்ணாலை காணுமட்டும் அதிலையே நிப்பன்."