பூசையில் வைத்த கைப்பேசி

மலைநீர் குழாய்வழி வந்து கொட்டும் பீலியடியில் அக்கா விழுந்த காலையைப் பற்றி எங்கள் உறவினரிடையே மூன்று கதைகள் உலவுகின்றன. ஒன்றில் சாமி குற்றம். மற்றொன்றில் கைப்பேசி பொய் சொன்னது. மூன்றாவதில் எல்லாம் படித்த தங்கையின் அதிகப்பிரசங்கித்தனம். இவற்றைச் சொல்வோர் எவரும் அன்று அங்கே இருக்கவில்லை. நானும் இருக்கவில்லை. ஆகவே கண்ணால் கண்டது, உரியவர் வாயால் கேட்டது, கையால் சோதித்தது ஆகியவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

அக்கா இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், காம்பரா எனும் ஒற்றை அறையில் தனியே வசிக்கிறாள். அவளுக்கு வலிப்பு நோய் உண்டு. காலையும் இரவும் மாத்திரை தவறாதவரை நோய் அடங்கியிருக்கும். தவறினால் எங்கே விழுவாள் என்று சொல்ல முடியாது. செங்குத்தான மலையில் நின்று வேலை செய்பவளுக்கு அது உயிரோடு தொடர்புள்ள விடயம். கினிகத்தேனையில் ஆசிரியையாக இருக்கும் நான், நாள்தோறும் அழைத்து “மாத்திரை போட்டியா?” என்று கேட்பேன். அவள் எரிந்து விழுவாள்.

இந்தச் சச்சரவைத் தவிர்க்கவே அவளுடைய மாத்திரை டப்பாவின் மூடியில் ஒரு வெள்ளை ஒட்டுவில்லையை ஒட்டினேன். நாணயமளவு இருக்கும், அதற்கு மின்கலம் இல்லை. திரை ஒளிர்ந்து, பூட்டில்லாமல் இருக்கும் கைப்பேசியை அதனருகே கொண்டுசென்றால், முன்கூட்டியே வகுத்துவைத்த வேலையைக் கைப்பேசி தானே செய்துவிடும். நான் வகுத்தது ஒரே வேலைதான்: “மாத்திரை போட்டாச்சு” என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புதல்.

“டப்பாவுக்கும் பொட்டு வச்சிட்டியா? அப்படியே ஒரு மாப்பிள்ளையும் பாத்துரு” என்றாள் அக்கா.

“சிரிக்காத. மாத்திரையப் போட்டுட்டு போனை இதுமேல வை. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்.”

“சத்தியமா? அப்ப இன்னொரு பொட்டும் சேத்து வை.”

கைப்பேசியை விரல்ரேகையால் திறக்குமாறு அமைக்க முயன்றோம். கொழுந்து கிள்ளித் தேய்ந்து கறுத்த அவளுடைய விரல்களை அது ஒருமுறையும் அடையாளம் காணவில்லை. இலக்கங்களை அழுத்தித் திறக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பூட்டு முறையை அடியோடு நீக்கியவள் நான்.

பல மாதங்கள் இது சரியாகவே நடந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அவள் புறப்படுமுன் செய்தி வந்துவிடும். நான் அழைப்பதை நிறுத்தினேன்.

ஆயுத பூசை வந்தது. அன்றாடம் கைபடும் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலையில் சாமி படத்தின்முன் வைப்பது எங்கள் வழக்கம். மறுநாள் பூசை முடியும்வரை அவற்றை எவரும் எடுக்கக் கூடாது. அக்கா கூடையையும் கத்தியையும் வைத்தாள். இரவு மாத்திரையைப் போட்டுச் செய்தி அனுப்பிய பின், டப்பாவையும் அதன்மேல் திரை அணைந்த கைப்பேசியையும் வைத்தாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் செய்தி வரவில்லை. நான் அழைத்தேன். மணி ஒலித்தது, எடுப்பார் இல்லை. அது ஓயுமுன்னே செய்தி வந்து சேர்ந்தது: “மாத்திரை போட்டாச்சு.” நிம்மதியாகக் குளிக்கப் போனேன். அந்தச் செய்தி வந்திராவிட்டால் பக்கத்துக் காம்பராப் பெண்ணை அழைத்து, போய்ப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அவளுடைய இலக்கம் என்னிடம் இருந்தது.

சற்று நேரத்தில் அவளே அழைத்தாள்.

“டீச்சர், பதறாதீங்க. அக்கா பீலியில துணி தொவைக்கப் போனாங்க. வலிப்பு வந்திருச்சு. தண்ணியில குப்புறக் கெடந்தாங்க. நாந்தான் இழுத்துப் போட்டேன். மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், நீங்க வந்துருங்க.”

அட்டன் சென்று பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தபோது, புருவத்தில் தையலோடு அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“தொவைச்ச துணி அப்படியே கெடக்கு. எவளாச்சும் அலசிப் போட்டாளுகளா?”

“மாத்திரை போட்டியாக்கா?”

“கேக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணினவதானே நீ?” என்றவள், பிறகு குரல் தணிந்தாள். “சாமிகிட்ட வச்சத எடுக்கக் கூடாதுல்ல. அதான் காலை மாத்திரைய முந்தின ராத்திரியே எடுத்து, தாள்ல மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.”

“சரி, போட்டியா?”

“முடிஞ்சது ஞாபகம் இருக்கு. பீலிக்குப் போனதும் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல.”

அன்று மாலை அவளுடைய காம்பராவுக்குச் சென்றேன். குங்குமம் இட்ட கைப்பேசி டப்பாவின்மேல் அசையாமல் இருந்தது. திரை அணைந்திருந்தது. தொடாமல், என் கைப்பேசியிலிருந்து அதை அழைத்தேன். அழைப்பு வந்ததும் திரை ஒளிர்ந்தது. ஒளிர்ந்ததும் அடியிலிருந்த வில்லையை அது உணர்ந்தது. எனக்குச் செய்தி வந்தது. மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் வந்தது. காலையில் நான் நம்பிய செய்தியை வரவழைத்தது என் அழைப்பே.

நனைந்த சேலையையும் பார்த்தேன். முந்தானையில் முடிச்சு இல்லை. தாளும் இல்லை. பீலியடியிலும் தேடினோம், கிடைக்கவில்லை. தூக்கும்போது முடிச்சு இருந்ததா என்பது பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கும் நினைவில்லை.

காலை மாத்திரையைப் போட்டாளா என்றே மருத்துவரும் கேட்டார். மாத்திரை போட்டும் வலிப்பு வந்திருந்தால் மருந்தின் அளவு போதவில்லை. போடாததால் வந்திருந்தால் பழைய அளவே போதும். எங்களால் விடை சொல்ல இயலாததால், பாதுகாப்புக் கருதி அவர் அளவைக் கூட்டினார். கூட்டிய மருந்து அக்காவுக்குத் தூக்கக் கலக்கத்தைத் தருகிறது. மலை ஏறும்போது கால் தடுமாறுகிறது என்கிறாள். ஒட்டுவில்லையை உரித்துவிட்டேன். மீண்டும் காலைதோறும் அழைக்கிறேன். மீண்டும் எரிந்து விழுகிறாள்.

அன்று காலை அவள் அந்த மாத்திரையை விழுங்கினாளா என்பது தெரியவில்லை. இப்போது விழுங்கும் கூடுதல் மருந்து அவளுக்குத் தேவைதானா என்பதும் தெரியவில்லை.