தக்காளித் தோட்டத்தின் மேலே ஓரியன்

பலமனேர் தாண்டி ஒரு தக்காளித் தோட்டத்து வரப்பில் கேமராவை நிறுத்தியிருக்கிறேன். இப்போதுதான் இருட்டியிருக்கிறது. ஓரியன் விண்மீன் குழுவில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, நட்சத்திரங்கள் பிறக்கும் மேகமான நெபுலா. அதற்காகத்தான் திருப்பதியிலிருந்து வந்தேன். ஆனால் தோட்டத்து விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஆறு படமும் வெளுத்துவிட்டன. லென்ஸில் பனி படிந்துவிடுமோ என்ற கவலை வேறு.

"கொஞ்ச நேரம் விளக்கை அணைக்க முடியுமா அம்மா?" என்று தோட்டக்காரர் முனியம்மாவிடம் கேட்கிறேன்.

"அமத்தினா ஆனை வந்து துன்னுட்டுப் பூடும் சார். நாளைக்குத்தான் பறிப்பு."

நியாயம்தான். கேமராவைக் கழற்றத் தொடங்குகிறேன்.

"இரு சார். போட்டோவுக்குச் சத்தம் ஆவாதா?"

"சத்தம் ஒண்ணும் பண்ணாது. வெளிச்சம்தான் ஆகாது."

விளக்கு அணைகிறது. முனியம்மா தகர டின்னைத் தட்டத் தொடங்குகிறார். நாற்பது படங்களை நான் எண்ணி முடிக்கும்வரை அவர் கை ஓயவில்லை. யானையும் வரவில்லை.

மறுபடி விளக்கைப் போட்டுவிட்டு வந்து பார்க்கிறார். திரையில் மேகம் இளஞ்சிவப்பாக விரிந்திருக்கிறது. இவ்வளவு தெளிவாக நான் எடுத்ததே இல்லை. நட்சத்திரம் பிறக்கும் இடம் என்று நான் சொன்னதும் கணவருக்குப் போன் போடுகிறார்.

"நட்சத்திரம் பொறக்குதுய்யா! நம்ம தோட்டத்து மேலதான்!"

ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு தூரம் என்று திருத்த வாயெடுக்கிறேன். அதற்குள் என் பக்கம் திரும்புகிறார்.

"இதுல எம் பேரு வருமா சார்?"

வரும். படத்தின் கீழே என் பெயரை அடுத்துப் போடப்போகிறேன்: தகரம், முனியம்மா.