நடு நட்சத்திரம் எங்கே?

பினாங்கில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பெரியம்மா முறையில் எல்லோரும் பீபிக் என்று கூப்பிடும் கெய்க் சிம் திரும்பும்போது வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வருவார். அவ்வளவு மறதி! ஆனால் மணப்பெண்ணைச் சோடிக்க உட்கார்ந்தால் ஒரு ஊசி தவறாது. புருஷன் போன நாளிலிருந்து அந்தத் தொழில்தான் அவருக்குச் சோறு போட்டது. நான் நோன்யா வீடுகளுக்கு, அதாவது மலாய்ப் பழக்கத்தில் ஊறிய சீனக் குடும்பத்துப் பெண்களுக்கு, மல்லிகைச் சரம் கொடுப்பவள். அதனால் அன்றைக்கு நடந்த கூத்தைக் கண்ணாலேயே பார்த்தேன்.

ஸ்வீ கியோக் நோன்யாவின் மகளுக்குக் கல்யாணம். மாமியார் இறந்த துக்கத்துக்காக வெறும் முத்தும் வெள்ளியுமாகத் திரிந்த குடும்பம், அன்றுதான் வைரப் பெட்டியைத் திறந்தது. மணப்பெண்ணுக்குப் போட வேண்டிய, வைர நட்சத்திரங்கள் திருகிய பரம்பரை அட்டிகையை எடுத்தால், நடு நட்சத்திரம் இல்லை! திருகாணி போகும் ஓட்டை மட்டும் தெரிகிறது.

அந்த நகையே ஒரு குழப்பம்தான். நட்சத்திரங்களைக் கழற்றி ஊசியில் திருகினால் கொண்டைக்கு. வளையத்தில் திருகினால் கைக்கு. இலை வேலைப்பாட்டுக்குள் திருகினால் மார்பில் குத்தும் கெரோசாங்.

"அது அட்டிகையே இல்ல, கொண்டையில வைக்கிறது," என்றார் ஒரு அத்தை.

"போடி, என் கல்யாணத்துல கையில போட்டாங்களே!" என்றார் இன்னொரு அத்தை.

"நடுவுல நட்சத்திரமே கிடையாதுன்னு நினைக்கிறேன்," என்றார் மூன்றாமவர். எனக்குத் தலை சுற்றியது.

"கடைசியா பெட்டியில வச்சது யாரு?" என்று கேட்டார் ஸ்வீ கியோக்.

அந்த வீட்டில் போன கல்யாணத்துக்குச் சோடித்தது பீபிக்தான். "நான்தான் நோன்யா. முழுசா வச்சேன்... வச்சேன்ல?" என்று என்னைப் பார்த்தார். அட மனுஷி, இப்போதா இழுப்பது! அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"கொண்டைய அவுத்துக் காட்டு," என்றார் ஸ்வீ கியோக்.

அத்தைமார் பார்க்கப் பார்க்க, கதவு திறந்து கிடக்க, பீபிக் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். நரைத்த தலைமுடி தோளில் விழுந்தது. ஒன்றும் அகப்படவில்லை. பூக்கூடையை ஸ்வீ கியோக்கின் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றிருந்தது எனக்கு. திருடி என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அப்புறம் எந்த வீட்டிலும் பீபிக்கைக் கூப்பிட மாட்டார்கள்.

அத்தைமார் மாடியிலிருந்து இறங்கிக் கீழே தேடப் போனார்கள். பீபிக் தலையை முடியாமலே, ஓரத்து நட்சத்திரம் ஒன்றை நடுவில் திருகிப் பார்த்தார். ஏறவில்லை. நடு நட்சத்திரத்துக்கென்று கையால் வெட்டிய மரை, ஓரத்துத் திருகாணியை ஏற்காது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க! எங்கடி வித்த? சொல்லு!" என்று ஸ்வீ கியோக் கத்தினார்.

பீபிக் அவர் மார்பையே வெறித்தார். "நோன்யா, இன்னொரு தடவ கத்துங்க."

"என்னது?"

"கத்துங்க. நல்லா மூச்சு வாங்கக் கத்துங்க!"

"பைத்தியமாடி உனக்கு?" என்று அவர் கத்தியபோது நானும் பார்த்தேன். அவர் கெபாயாச் சட்டையில் குத்தியிருந்த கெரோசாங்கின் நடுவே வைரம் மினுக் மினுக்கென்று நடுங்கியது. நடு நட்சத்திரம் ஒன்றுக்குத்தான் அடியில் சுருள்கம்பி உண்டு.

"இது மாமியாரோடதுடி. இன்னிக்குத்தான் முதல்தடவ குத்தியிருக்கேன்!"

"அவங்கதான் மாத்தித் திருகியிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லாம போயிட்டாங்க."

ஸ்வீ கியோக்கின் முகம் வெளுத்தது. "சரி, சீக்கிரம் கழட்டு. கதவச் சாத்து."

"என் தலைய அவுத்தப்ப கதவு தொறந்துதானே இருந்துச்சு. பூக்காரம்மா, அத்தைங்கள எல்லாம் கூப்பிடு."

கூப்பிட்டேன், தெருவுக்கே கேட்கும்படி. எல்லோரும் வந்து நின்ற பிறகுதான் நட்சத்திரத்தைக் கழற்றி, அட்டிகையில் திருகி, மணப்பெண் கழுத்தில் போட்டார். வாசலில் மாப்பிள்ளை வீட்டு மேளம் கேட்டது.

"பீபிக், தலைய முடிங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" ஸ்வீ கியோக்கின் குரல் இறங்கியிருந்தது.

"இப்படியே இருக்கட்டும் நோன்யா. ஏன்னு கேட்டா நீங்களே சொல்லுங்க."

ஸ்வீ கியோக் குனிந்து, தரையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினார். பிறகு பீபிக்கின் பின்னால் போய் நின்று, தன் கையாலேயே அந்த நரைத்த முடியைச் சேர்த்துக் கொண்டை போட ஆரம்பித்தார். நான் ஒரு சரம் மல்லிகையை எடுத்து நீட்டினேன்.