அக்கா கேட்ட ஐந்தாவது குஷன்

என் அக்காவின் உயரம் நாலடி பத்தங்குலம். எனக்கும் அதேதான். ஆனால் நான் தையல்காரி. உட்கார்ந்தே பிழைப்பவளின் உயரத்தை யார் கேட்கப் போகிறார்கள்? அக்கா வேலைக்குச் சேர்ந்தது கார் தொழிற்சாலையில். முதல் நாளே, "அந்தப் பொண்ணு கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு ஸ்டூல் போடுங்கப்பா" என்று ஒருவர் கிண்டலடித்தாராம். அக்கா நிஜமாகவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, அவர் வரைந்திருந்த சீட்டின் வரைபடத்தில் இரண்டு பிழைகளைக் காட்டினாள். அதோடு அவர் வாய் அடங்கியது.

இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இப்போது இருக்கைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. முந்நூறு பேர் அவளுக்குக் கீழே. அவள் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியின் சீட்டும் வெளியே போகாது. வீட்டில் மேல்தட்டு டப்பாவை எடுக்க மட்டும் அத்தானைக் கூப்பிடுவாள்.

ஒரு புதன்கிழமை மதியம், இன்னும் விற்பனைக்கு வராத புது வண்டியை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை அதன் சீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சொன்ன தேதியில் வண்டி வெளியானால் தொழிற்சாலை முழுவதற்கும் அவளே தலைவி என்று மேலிடத்தில் பேசி வைத்திருந்தார்கள். அவளைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை.

"இந்த வண்டிக்கும் ஒரு குஷன் தைச்சுக் குடுடி. கொஞ்சம் கனமா இருக்கட்டும்."

இது ஐந்தாவது. எந்த வண்டியானாலும் அடியில் குஷன் போட்டுத்தான் ஓட்டுவாள். நானும் மறு பேச்சில்லாமல் தைத்துக் கொடுப்பேன். அன்று அளவெடுக்க நானே ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டைப் போட்டால் கழுத்தை அறுத்தது. கால் எட்டட்டும் என்று சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"யாருக்கு அளவெடுத்து செஞ்சதுக்கா இந்த சீட்டு?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப நீயும் நானும் அந்த எல்லாருல சேர்த்தி இல்லையா? கழுத்தை அறுக்குதுன்னு ஒருத்தி வந்து நின்னா, நான் சட்டையைத்தான் பிரிப்பேன். உன் கழுத்து சரியில்ல, போம்மான்னு அனுப்புவேனா?"

அக்கா என் கழுத்தில் பதிந்திருந்த பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "சோதனைக்கு நாங்க உட்கார வைக்கிற பொம்மை அஞ்சடி ஒன்பது அங்குலம்டி" என்றாள். "நான் என் உயரம்தான் கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

குஷனைப் பற்றி மறுபடி பேசாமலே கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தன் பழைய குஷனை மேஜைமேல் வைத்தாளாம். "இது இல்லாம இந்த வண்டியை என்னால ஓட்ட முடியல. கையெழுத்து போட மாட்டேன்" என்றிருக்கிறாள்.

"இத்தனை வருஷமா போட்டீங்களேம்மா?" என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார்.

"போட்டேன் சார். தப்புதான்."

சீட்டையும் பெல்ட் மாட்டும் இடத்தையும் மாற்ற எட்டு மாதம் பிடித்தது. பெரிய பதவி வேறொருவருக்குப் போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று நான் என்னையே நொந்துகொண்டேன். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வண்டி வெளியானதும் முதலில் என் கடைக்குத்தான் ஓட்டி வந்தாள். அடியில் குஷன் இல்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துணி தைக்கக் கொடுத்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் காரை நிறுத்தினார். அக்காவின் தொழிற்சாலை வண்டிதான், ஆறு வருடப் பழசு. இறங்கியவர், சீட்டில் நான்காக மடித்துப் போட்டிருந்த போர்வையைச் சரிசெய்தார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

நாங்கள் பார்ப்பதைக் கண்டு, "எனக்கு உயரம் பத்தாதுங்க" என்று அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"உங்க உயரத்துல ஒரு குறையும் இல்லம்மா" என்றாள் அக்கா. "அந்த சீட்டுக்குக் கையெழுத்து போட்டவ நான். தப்பு என்னோடது."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு குஷன் தைத்துக் கொடுத்தவள் நான். முதல் குஷன் தைத்த அன்றே அக்காவிடம் இதை நான் சொல்லியிருக்கலாம்.