எது சோத்தாங்கை?

எனக்குப் பதற்றம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சாவு வீட்டில்கூட வந்திருக்கிறது. வக்கீல் தொழிலுக்கு இதைவிடக் கேடுகெட்ட வியாதி கிடையாது. விழுப்புரம் கோர்ட்டில் நான் முதன்முதலாகத் தனியாக ஒரு விபத்து வழக்கில் நின்ற அன்று சீனியருக்குக் காய்ச்சல். "நீயே பாத்துக்கோ" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலையும் சேர்த்து அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டார். அட கடவுளே என்று கறுப்புக் கோட்டை மாட்டினேன். பட்டன் மாறிப்போனது.

என் கட்சிக்காரர் காணையைச் சேர்ந்த ஓர் அக்கா. காலேஜ் கேன்டீனில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர். திண்டிவனத்தில் ரோட்டோரமாக நடந்துபோனபோது, இடப்பக்கம் இருந்த பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு லாரி ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டது. இடித்தது இடப்பக்கம், விழுந்த வேகத்தில் நொறுங்கியது வலது கை. கம்பி வைத்தும் எலும்பு சரியாகச் சேரவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் விரல் மடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழக்கு ஜெயித்தால் ஆபரேஷன். தோற்றால் அந்தக் கை அவ்வளவுதான். இன்சூரன்ஸ் தரப்போ, கை எப்போதோ தேறிவிட்டது, அந்தம்மாதான் நடுரோட்டுக்குப் போய் லாரியில் விழுந்தார் என்று சாதித்தது.

முதல் நாளே அக்காவுக்குப் பாடம் எடுத்திருந்தேன். "கோர்ட்டு பாஷையெல்லாம் வேணாங்க்கா. வீட்ல பேசற மாதிரியே பேசுங்க." அப்போது யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

இன்சூரன்ஸ் வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "லாரி எந்தப் பக்கமா வந்துச்சும்மா?"

"சோத்தாங்கை பக்கங்க" என்றார் அக்கா.

சோத்தாங்கை! வலப்பக்கம்! அதாவது நடுரோடு! போச்சு, எல்லாம் போச்சு. அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு கிளம்பியது. கேஸ் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஐயா, இதைக் குறிச்சிக்கணும். வலது பக்கமாம்! எஃப்.ஐ.ஆர்ல இடது பக்கம்னு இருக்கு" என்று வக்கீல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சோத்தாங்கைன்னா எதும்மா? தூக்கிக் காட்டுங்க."

அக்கா இடது கையைத் தூக்கினார்.

"அது பீச்சாங்கைம்மா!" என்று கத்தியது சாட்சாத் இன்சூரன்ஸ் வக்கீல்தான். கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. அப்பாடா, இனி நானும் சிரிக்கலாம் என்று கேஸ் கட்டைக் கீழே வைத்தேன்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் லாரி இடிக்கறதுக்கு முன்னாலங்க. ஒரு வருசமா இந்தக் கையாலதான் சோறு துன்றேன். அப்ப இதானே சோத்தாங்கை? துன்றதும் இதான், கழுவறதும் இதான். பாவம், ரெண்டு வேலையும் இது ஒண்ணே பாத்துக்கினு கீது."

"அப்போ அந்தக் கை?" என்றார் நீதிபதி.

"அதுங்களா?" அக்கா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, சாட்சிக் கூண்டின் கட்டைமேல் வைத்தார். "இது தானா வர்லீங்க. நாந்தான் எடுத்துக்கினு வந்தேன்."

சிரிப்பு நின்றுபோனது. விரல்கள் பாதி விரிந்தபடி அப்படியே கிடந்தன. அக்கா சொன்னதை நீதிபதி ஒரு வார்த்தை விடாமல் சொல்லி டைப் செய்ய வைத்தார். கை தேறிவிட்டதைப் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்விகளை இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கவே இல்லை.

ஜெயித்தோம்! தீர்ப்பு வந்த அன்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லி டாக்டருக்கு நானே போன் போட்டேன். பேச்சைவிடச் சிரிப்புத்தான் அதிகம் போயிருக்கும். அக்கா ஜாங்கிரி வாங்கி வந்திருந்தார். ஒன்றை எடுத்து என் வாய்வரை கொண்டுவந்தவர், சட்டென்று நிறுத்தித் தன் கையைப் பார்த்தார்.

"இந்தக் கையால குடுத்தா தப்பா நெனைச்சிக்க மாட்டீங்களே, வக்கீலம்மா?"

கோர்ட் வராந்தா, கறுப்புக் கோட்டு எதையும் பார்க்காமல் நான் ஆவென்று வாயைத் திறந்தேன்.