தைஸ்தோவின் கைப்பிடி

தைஸ்தோவுக்கு இடது கையில் கட்டைவிரல் கிடையாது. ஈசல்மி ஊருக்குப் பக்கத்து மர அறுவை ஆலையில் அது போய்ப் பல வருஷம் ஆகிறது. குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரியை அந்தக் கையோடுதான் ஓட்டுகிறான், ஒரு புகாரும் இல்லை. ஏர்சாஃப்ட் துப்பாக்கியிடம்தான் அது தோற்றது. பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுச் சாமான்தான், ஆனாலும் கனம். குழலுக்கு அடியில் இடது கை தாங்க வேண்டிய வழவழவென்ற முன்கட்டை விரல்களில் நிற்காமல், பாதி ஆட்டத்திலேயே முனை தரையைப் பார்த்துவிடும்.

சனிக்கிழமைகளில் காட்டில் இந்தத் துப்பாக்கிகளோடு மோதும் அவர்கள் அணிக்குத் தலைவி மிர்வா, அவன் மனைவியின் தங்கை.

"மச்சான், இந்தச் சனிக்கிழமையும் இப்படியே இருந்தா உங்களை அடுப்புப் பக்கம் உட்கார வெச்சுடுவேன். அங்க சாஸேஜ் வாட்டுங்க, அது உங்களைத் திருப்பிச் சுடாது."

அடுப்புப் பக்கம் உட்காரவா அவன் வருகிறான்? முன்கட்டைக்குக் கீழே தொங்கவிடும் கைப்பிடி ஒன்றை வாங்கிவிட்டான். சனிக்கிழமை காலை, காட்டோரத்தில் நிறுத்திய காரின் முன்மூடியில் துப்பாக்கியைக் கிடத்தி மாட்டப் பார்த்தான். துளை இருக்கிறது, திருகும் இருக்கிறது, ரெண்டும் சேரவில்லை.

மிர்வா காப்பிக் குவளையோடு எட்டிப் பார்த்தாள்.

"இது எம்-லாக் கைப்பிடி. அதுக்கு நீட்டு ஓட்டை வேணும். உங்க கட்டையில இருக்கிறது கீமாட், சாவித்துவாரம் மாதிரி."

"ஓட்டை ஓட்டைதானே?"

"உங்க லாரியில பனி தள்ளுற கலப்பையை என் கார்ல மாட்டுவீங்களா?"

"உன் காருக்கு யாரு கலப்பை மாட்டுவா?" என்றான். பிறகு, "சரி, எது நல்லது?"

"எம்-லாக்குக்கு எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும். கீமாட்டும் கெட்டிதான், ஆனா சாமான் தேடி அலையணும். பிகாட்டினின்னு இன்னொரு வகைப் பட்டை, பல்லு பல்லா இருக்கும், கனம், கையைச் சுரண்டும். ஆனா அதுல எதையும் கவ்வ விடலாம்."

அவனுக்குத் தலை சுற்றியது. மிர்வா தன் பெட்டியிலிருந்து பல் வைத்த குட்டைத் துண்டு ஒன்றையும், பல்லைக் கவ்வும் கைப்பிடி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

"அப்ப கீமாட் மேல பிகாட்டினி, அது மேல கைப்பிடி. எம்-லாக் எங்க போச்சு?"

"உங்க பாக்கெட்டுக்கு."

துண்டைத் துவாரத்தில் விட்டு இறுக்கினான். தூக்கியதும் எல்லாம் பொத்தென்று காலில் விழுந்தது.

"உள்ள விட்டு, முன்னால குறுகின பக்கம் தள்ளி, அப்புறம் இறுக்கணும் மச்சான்."

"இதை யாரு சொன்னா?"

"இப்ப நான் சொன்னேன்."

தள்ளினான், இறுக்கினான், நாலு விரலையும் கைப்பிடியில் சுற்றினான். முனை நிமிர்ந்து நின்றது.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில்தான் புதருக்குள்ளிருந்து வந்த குண்டு அவன் தோளில் பட்டது. எவரும் பார்க்கவில்லை. பட்டால் பட்டவனே சொல்ல வேண்டும், அதுதான் இந்த விளையாட்டு. "பட்டுடுச்சு" என்று கத்தி, ஆட்டமிழந்ததற்கு அடையாளமான சிவப்புத் துணியைத் தலையில் போட்டு, வெளியே நடந்தான். வேலியருகே மிர்வா ஏற்கெனவே சிவப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"முனை கீழ இறங்கவே இல்லையே. அடுத்த ஆட்டத்துல முன்வரிசைக்கு வந்துடுங்க."

அவன் துப்பாக்கியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரேன். இதுல கீமாட் எதுன்னு இன்னொரு தடவை காட்டு."