ஆறு கம்பியையும் அடிக்கிறவன்

வெற்றிச்செல்வனுக்கு மேடை நாற்றம் பிடிக்காது. கடலோரக் குப்பங்களின் திருவிழாக்களில் இராமதாஸ் நடத்தும் மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாக அவன் கிட்டார் வாசித்தான். நல்லவாடு குப்பத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். மீன் வாடை அவனை ஒன்றும் செய்யாது. பிராந்தியும் வாந்தியும் கலந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வழியும் வாடைதான் ஆகாது. போன ஆடி மாதம் ஒருவன் மேடையேறி வந்து இவன் மடியிலேயே வாந்தி எடுத்தான். இராமதாஸ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "தொடச்சிக்கினே வாசிடா, நிறுத்தாத!" என்றார்.

நிறுத்தினால் கூட்டம், "இன்னாடா, கரண்டு போச்சா?" என்று கத்தும். செருப்பு வரும். மெட்டைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். இவன் ஆறு கம்பியையும் சேர்த்து அடித்து, நடுவில் சந்து விழாமல் சத்தத்தால் அடைக்க வேண்டும். அதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் ஒரு பாட்டைத் தனியாக முழுசாக வாசித்ததே இல்லை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

முதலில் கேட்டவர் சுலோசனா மதாம். பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் மகள். பாரீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்து, கடற்கரைக்குப் பின்தெருவில் ஓட்டல் நடத்தினார்.

"பாட்டுக்காரி வேணாம், கீபோர்டு வேணாம். நீ ஒருத்தனே ஜாஸ் வாசிக்கணும். மெட்டும் நீயே, அதுக்குத் தொணையா சேர்ந்து வர்ற கார்டும் நீயே. பதினஞ்சு நாள் தரேன். நல்லா இருந்தா வாரத்துல நாலு நாள் வா" என்று ஒரு மெதுவான பாட்டின் சுரம் எழுதிய தாளைக் கொடுத்தார்.

நாலு நாள் கிடைத்தால் இராமதாஸ் மேடையில் இனி கால் வைக்க வேண்டாம். வெற்றிக்கு அது போதும்.

சாரம் பகுதியில் இருந்த வாடகை வீட்டில் ஐந்து நாள் உருட்டினான். செல்போனில் பதிவு செய்து கேட்டான். அருவருப்பாக இருந்தது. மெட்டு எங்கோ அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தது. மேலே ஒரே இரைச்சல். தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவன் மனைவி சரிதா, எழுந்திருக்க முடியாத நோயாளிகளை வீட்டோடு போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவள். வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"இன்னா மாமா அது?"

"பாட்டு."

"பாட்டு எங்க கீது? யாரோ பேசறாங்க, பக்கத்துல எவனோ மிக்ஸி ஓட்டறான்."

"ஜாஸைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. காது கீது. மொதல்ல மிக்ஸிய நிறுத்து."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. கை தானாகவே ஆறு கம்பிக்கும் போனது. சரிதா தன் பையிலிருந்து பஞ்சையும், நோயாளிக்கு ஊசியை ஒட்டும் பிளாஸ்திரியையும் எடுத்து, இரண்டு தடித்த கம்பிகளுக்கும் அடியில் பஞ்சை வைத்து ஒட்டினாள். "இப்ப அதுமேல பட்டா 'தொப்'புனு கேக்கும். எப்ப கை மீறுதுன்னு உனக்கே தெரியும்."

பஞ்சு ஒட்டிய மறுநாள் முழுக்கத் தொப், தொப். வியர்வை ஊறிப் பிளாஸ்திரி புளித்து நாறியது. கம்பி தட்டும் பிளாஸ்டிக் துண்டை வீசிவிட்டு விரலால் மீட்டினான். மெட்டு மெல்லிய கம்பியில், இடக்கைச் சுண்டுவிரலில். அதற்குக் கீழே கார்டிலிருந்து இரண்டே சுரம். மீதியைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது என்று பத்தாம் நாள்தான் விளங்கியது. பதிமூன்றாம் நாள் பஞ்சைப் பிய்த்தெறிந்தான்.

பதினைந்தாம் நாள் ஓட்டலில் நாலு மேசையில் ஆட்கள். பாலாடைக்கட்டி துவைக்காத காலுறை மாதிரி நாறியது. ஒருத்தர் பல் குத்தியதைத் தட்டோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வெற்றி முதல் வரியை வாசித்தான். வரி முடிந்து சின்ன இடைவெளி. பல் குத்துகிறவர் ஏப்பம் விட்டார். அடைத்துவிடு என்று கை துடித்தது. அடைக்கவில்லை. அடுத்த சுரம் தனியாக வந்து விழுந்தது. அது அவனுக்கே கேட்டது.

பாட்டு முடிந்ததும் மதாம் வந்தார். "மோசமில்ல. வியாழக்கெழமலேந்து வா. அதுக்குள்ள இன்னும் மூணு பாட்டு வேணும். சட்டைய இஸ்திரி போட்டுக்கினு வா." புதுத் தாள்களை மடியில் போட்டுவிட்டுப் போனார்.

அங்கேயே இராமதாசுக்குப் போன் செய்தான்.

"தாஸண்ணே, மதாம் ஓட்டல்ல வேல கெடச்சிடுச்சி. இனிமே நான் வரல."

"ஏண்டா, தொர ஓட்டல்ல பன்னீர் தெளிக்கிறாங்களா?"

"இங்கயும் நாத்தந்தாண்ணே."

"அப்ப ஞாயித்துக்கெழம கிட்டாருக்கு நான் எவனடா புடிக்கிறது?"

"எவனா இருந்தாலும் போதும்ணே. அடிக்கத்தான வேணும்."

போனை வைத்தான். பல் குத்துகிறவர் தன் கண்ணில் படாதபடி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, முதல் தாளை விரித்தான்.